சமய சுதந்திரமும் நம் விசுவாசமும்

நல்லூர்த் தெருக்களில் நாம் செபமாலை சொல்லி அச்சமின்றிப் பவனி வருகிறோமே, இவ்வுரிமையின் வேர் எங்கே?

‘சமய சுதந்திரம்’ என்ற சொல்லை முதலில் எழுதியவர் தெர்த்துல்லியன் என்பர் அறிஞர். ஆண்டு கி.பி. 197, வேதகலாபனைக் காலம். 313-ல் மிலான் நகர் உடன்பாடு எல்லா மதத்தவர்க்கும் வழிபாட்டுரிமை அளித்தது. அதிகாரம் கைக்கு வந்தபின் நம்மவரே அதை மறந்தனர். 1560-ல் கோவாவில் நிறுவிய விசாரணை மன்றத்தை நாம் மறைப்பதற்கில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் விதி 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தது. மதத்தைப் ‘பரப்பவும்’ உரிமை என்ற சொல்லை நீக்கச் சிலர் கோரினர். லொயோலாக் கல்லூரி முன்னாள் அதிபர் ஜெரோம் டிசூசா அடிகளாரும் அச்சபையின் உறுப்பினரே. ஆயினும் அன்று அச்சொல்லுக்காகப் பரிந்து பேசியோருள் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, கே.எம். முன்ஷி என்னும் இந்துப் பெருமக்கள் இருந்தனர். தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்தும் எவரும் தம்மை மதம் மாற்ற முயலவில்லை என்றார் கிருஷ்ணமாச்சாரி. பெயர் தெரியாத அந்த ஆசிரியர்களின் சாட்சியம் நம் நூறு பிரசங்கங்களுக்குச் சமம்.

சரியாகப் பதினேழு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1965 டிசம்பர் 7-ல், மத விஷயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.