மலாக்கா அரசின் வாழ்வும் வீழ்வும்

மலாக்காவுக்குச் செல்லும் நம்மவர், குன்றின் அடிவாரத்தில் எஞ்சி நிற்கும் போர்த்துக்கேசியர் கோட்டை வாயிலைக் கண்டு, வெள்ளையர் பீரங்கியால் ஓர் அரசு அழிந்தது என்று கூறித் திரும்புவர். ஆங்கிலப் பள்ளியில் நாமும் அவ்வாறே கற்றோம். ஆயின் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர்க்கு, பீரங்கி வருமுன்னரே அவ்வரசின் வேரைச் செல் அரித்திருந்தமை புலனாகும்.

பலெம்பாங் அரசகுமாரனாகிய பரமேசுவரன், கி.பி. 1400-ஐ ஒட்டி இந்நகரை நிறுவினான். ஊருக்கு வேண்டிய அரிசியும் சாவகம், சயாம், பெகு ஆகிய நாடுகளிலிருந்தே வரவேண்டியிருந்தது. எனினும் அந்நகர் செழித்தது. பருவக்காற்று கீழ்த்திசைக் கலங்களையும் மேல்திசைக் கலங்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது. காற்றுத் திரும்பும்வரை வணிகர் தங்கினர். 1411-ல் பரமேசுவரன் நேரிற் சென்று பெற்ற சீனச் சக்கரவர்த்தியின் நட்பு, சயாமின் பகையினின்று காத்தது.

இவற்றினும் மேலானது நாணயமான நிர்வாகம். வணிகர் குறைகேட்கத் துறைமுகத் தலைவராகிய ஷாபந்தர் நால்வர் இருந்தனர்: குஜராத்தியர்க்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளியர், பெகு, பாசை நாட்டினர்க்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டினர்க்கு ஒருவர். மேல்திசைச் சரக்குக்குத் தீர்வை 100-க்கு 6. விலையை வணிகர் குழுவினரே கூடி மதித்தனர். 84 மொழிகள் அங்கே வழங்கின என்று 1512-ல் வந்த தோமே பீரிஸ் எழுதினார். கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிமாராகிய நாம் இதன் அருமையை அறிவோம்: நிறையும் தீர்வையும் நேராயிருக்கும் இடத்தையே வணிகன் நாடுவான்.

அந்த நேர்மை கெட்ட கதையில் நம்மவர்க்கும் பங்குண்டு. 1500-ல் முதலமைச்சராகிய பெண்டஹாரா பதவியேற்ற துன் முத்தாஹிர், தமிழ் முஸ்லிம் வழிவந்தவர். அவர் முன் நைனா சூரதேவனா, ராஜ முதலியார் என்னும் இரு தமிழ்ச் செல்வர்களின் வழக்கு வந்தது. ஒருவர் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்தார். அதையறிந்து அஞ்சிய மற்றவர், பெண்டஹாரா அரசைக் கவரச் சூழ்கிறார் என்று பொன்கொடுத்துக் கோள் மூட்டினார் என்று மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயு கூறும். சுல்தான் மஹ்மூத் விசாரணையின்றி 1510-ல் துன் முத்தாஹிரையும் அவர் குடும்பத்தார் பலரையும் கொல்வித்தான். பின்னர் உண்மை வெளிப்பட்டது. கோள் மூட்டியவரும் மாண்டார். ஆயினும் போன உயிர்களும் நம்பிக்கையும் மீளவில்லை.

மறு ஆண்டே, 1511-ல், அல்புகெர்க்கே படையுடன் வந்தான். பீரங்கிகள் இருந்தும் மலாக்கா ஒருமித்து நிற்கவில்லை. அந்நிய வணிகர் சிலர் பகைவர்க்கே துணைநின்றனர். சுல்தான் ஓடி, 1528-ல் கம்பாரில் இறந்தான்.

வென்றவன் கோட்டை கட்டினான். ஆனால் முஸ்லிம் வணிகரோ ஆச்சே, ஜொகூர், புருணை என்று கலைந்தனர். கல்லால் கோட்டையை எழுப்பலாம். வணிகரின் நம்பிக்கையை எழுப்ப இயலுமோ? பொன்னுக்கு நீதி விலைபோன நாளிலேயே மலாக்கா வீழ்ந்தது. அவ்வாயிலின் முன் நிற்கும் அன்பர்கள், அந்நியனை நோவதோடு அமையாது, நம்மவர் இருவரின் வழக்கையும் நினைவு கூர்வாராக.