அம்புக்குறியும் வினைச்சொல்லும்: தமிழ்ப்பள்ளி அறிவியலில் சிந்தனை வரைபடங்கள்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் 2003ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிட அமைச்சரவை 2009 ஜூலையில் முடிவு செய்தபின், அப்பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. ஐ-திங்க் சிந்தனை வரைபடங்கள் அறிமுகமானது இம்மாற்றக் காலத்தில்தான். அறிவியலைத் தமிழில் சொல்லும் பழக்கம் அறுபட்டு மீண்டும் துளிர்த்த வேளையில், சொல்வதைச் சுருக்கும் கருவி வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது.

வட்டம், குமிழி, மரம், நிரலொழுங்கு முதலான இவ்வெட்டு வரைபடங்களும் அமெரிக்கரான டேவிட் ஹையர்ல் 1988இல் வகுத்தவை. இவற்றுக்கு முற்பட்டது, ஜோசப் நோவாக் குழுவினர் 1972இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கருத்துப்படம். அறிவியல் கற்ற சிறுவர்களை நேர்கண்டு எழுதிய நீண்ட உரைப்படிகளில் அவர்தம் புரிதல் வளர்ந்ததைக் கண்டறிவது அரிதாயிருந்தது. அவ்வுரைகளைச் சுருக்கவே படம் பிறந்தது. ஆகவே, அதில் ஒவ்வொரு கோட்டின்மீதும் இணைப்புச்சொல் எழுதப்பெற்றது. பேச்சு முந்தியது, படம் பிந்தியது.

நிரலொழுங்கு வரைபடத்தில் அக்கட்டாயம் இல்லை. நீர், நீராவி, மேகம், மழை என நான்கு பெயர்ச்சொற்களை மூன்று அம்புக்குறிகளால் இணைத்தால் நீர்ச்சுழற்சி முடிந்துவிடுகிறது. ஆனால், முதல் அம்புக்குறி நீர் வெப்பத்தைப் பெறுவதையும், இரண்டாவது நீராவி வெப்பத்தை இழப்பதையும் குறிக்கின்றன. நேர்மாறான இரு நிகழ்வுகளுக்கு ஒரே குறி! ‘வெப்பத்தைப் பெற்று நீர் ஆவியாகிறது’, ‘வெப்பத்தை இழந்து ஆவி நீர்த்துளியாகிறது’ என்று மாணவர் வாக்கியமாக்கும்போதே அவர் விளங்கிக்கொண்டாரா என்பது புலப்படும். பெற்று, பெற்றால், பெறுவதால் என்னும் வடிவங்களுள் ஒன்றைத் தேர்வதே ஓர் அறிவியல் முடிவு என்பது எம் கருத்து.

கம்போங் மேடான் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளில் இதன் விளைவு கூடுதலாகும். அங்கு வளரும் பிள்ளைகளின் அன்றாடப் பேச்சில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்தே வழங்குகின்றன. ‘ஆவியாதல்’ பள்ளியில் மட்டுமே கேட்கும் சொல். அங்கும் அது குமிழிக்குள் அடங்கிவிட்டால், அச்சொல்லை வைத்துப் பேசப் பிறிதோர் இடம் அவர்களுக்கு இல்லை.

வரைபடத்தை விலக்க வேண்டுமென்பது எம் வாதமன்று; வண்ணமும் வடிவமும் தயங்கும் மாணவரை ஈர்ப்பதை எவரும் மறுக்கவியலாது. நோவாக்கின் வரிசைமுறையை மீட்டெடுக்கலாம்: முதலில் வாய்மொழி விளக்கம், பின்னர்ப் படம், அதன்பின் ஒவ்வோர் அம்புக்குறிக்கும் ஒரு வினை. இதற்குப் புதிய பயிற்சிகூடத் தேவைப்படாது. உருகு, உருக்கு என்று தன்வினை பிறவினையை விளக்கும் அதே ஆசிரியரே, பல தமிழ்ப்பள்ளிகளில், அடுத்த பாடவேளையில் மெழுகு உருகுவதையும் நடத்துகிறார்.