கடல் எங்கே இருந்தது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சென்ற தவணையில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஒலுவில் துறைமுகம் வருவதற்கு முன்னர் கடல் எங்கே இருந்தது என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரவேண்டும். ஒரு பிள்ளையின் மூத்தவாப்பா, தென்னந்தோப்பைத் தாண்டித்தான் கடல் என்றிருக்கிறார். இன்னொரு பிள்ளையின் வாப்பும்மா, கரைவலை வாடிக்குச் சோறு கொண்டுபோனால் மணலில் நடந்தே கால் வலிக்கும் என்றிருக்கிறார். மூன்றாமவர் பிள்ளையைக் கரைக்கே கூட்டிப்போய்க் கையை நீட்டி, "அந்தா அலை உடையுதே, அங்கதான் எங்கட கிணறு இரிந்த" என்றாராம்.

எல்லாம் உண்மைதான். ஆனால் எத்தனை அடி, எந்த வருஷம் என்று கேட்டால் யாரிடமும் விடையில்லை. பாடசாலையில் தேடினோம், பள்ளிவாசலில் கேட்டோம், நூலகத்திலும் பார்த்தோம். ஊரவர் கையால் எழுதிய ஒரு பக்கம்கூட எமக்குக் கிடைக்கவில்லை.

துறைமுகத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்த காலத்துக் கனவு அது. அவர் 2000 செப்டம்பர் 16 அன்று ஹெலிகொப்டர் விபத்தில் வபாத்தானார். டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் 2008இல் வேலை தொடங்கி, 2013இல் துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. அன்று சந்தோஷப்படாதவர் நம்மில் யார்?

ஆனால் கடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நமது கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையோடு சேர்ந்து பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் கடல் அள்ளிய மணலைத் தெற்கிலிருந்து வரும் மணல் ஈடுசெய்யும். அந்த வழியில் கல்லால் ஒரு அலைதடுப்பு அணை நீட்டப்பட்டால் மணல் தெற்குப் பக்கம் தங்கிவிடும், துறைமுக வாயிலிலும் படியும். வடக்குக் கரைக்கு வரவேண்டிய மணல் வராது. ஆனால் அலை மட்டும் வழமைபோல் அள்ளிக்கொண்டே இருக்கும். நடந்ததும் அதுதான். ஒலுவிலில் தென்னைகள் சரிந்தன, காணிகள் போயின, நிந்தவூர் வரை அரிப்பு வந்தது. அதே நேரம் வாயிலில் மணல் மூடிப் படகுகள் உள்ளே வர முடியாமல் போனது. வாயிலைத் தோண்டச் சொல்லி மீனவர்கள் கேட்டார்கள். எங்கள் காணிக்கு என்ன பதில் என்று ஒலுவில் மக்கள் கேட்டார்கள். இரு பக்கமும் நம்மவர்களே. இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

இப்படி ஒரு பிணக்கில் முதலில் கேட்கப்படும் கேள்வி, கரை முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். அப்போது எண்ணும் திகதியும் கையில் இல்லாதவரின் பேச்சு எடுபடாது. கண்ணீரைக் கோவையில் போட முடியாதே. 2008இல் ஒரு வகுப்புப் பிள்ளைகள் பள்ளிவாசல் மதிலிலிருந்து கரை வரை கயிறு பிடித்து அளந்து, ஒவ்வொரு வருஷமும் ஒரு கொப்பியில் எழுதி வந்திருந்தால் அந்தக் கொப்பி இன்று என்ன பெறுமதி பெறும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று அதைச் செய்விக்காதவர்கள் ஆசிரியர்களாகிய நாம்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு விடயம். 2022 ஜனவரியில் நமது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேடு உலகச் செய்தியானது. அங்கே பிளாஸ்டிக் தின்று எட்டு வருஷங்களில் சுமார் 20 யானைகள் செத்துப்போனதாக வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எழுதியது. அந்த மேட்டில் கிடந்தது சுற்றுவட்டாரக் கிராமங்களின் குப்பை. நாம் கடையில் வாங்கிக் கட்டி எறிந்த சொப்பிங் பேக்கும் அதில் இருந்திருக்கும். யானை செத்ததை நாமும் அறிந்திருந்தோம். எழுதியவர்கள் மட்டும் வெளியூரார். நமது வரலாற்றை நாம் எழுதாவிட்டால் அது எழுதப்படாமல் போவதில்லை. வேறொருவர் எழுதுவார். அதில் நாம் குப்பை போட்டவர்களாக மட்டும் இருப்போம்.

நமது சமூகத்துக்கு எழுத்துப் புதிதல்ல. கண்டியில் பிறந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை அல்லவா சமூகத்துக்குக் கொடுத்தார்! பள்ளிக்கூடம் திறப்பதையும் பத்திரிகை நடத்துவதையும் அவர் ஒரே வேலையின் இரு கைகளாகவே பார்த்தார். அந்தப் பிணைப்பை நாம் எங்கோ விட்டுவிட்டோம். இன்று பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதத் தெரியும். ‘சுற்றாடல் மாசடைதல்’ என்றால் ஐந்து பந்தி எழுதிப் புள்ளி எடுப்பார்கள். ஆனால் பாடசாலைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் ஏன் நாறுகிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள்.

வேறு நாடுகளில் இது ஒரு கல்வி முறையாகவே வளர்ந்திருக்கிறது. ‘சுற்றாடலுக்கான இளம் செய்தியாளர்கள்’ என்ற சர்வதேசத் திட்டம் 1994 முதல் நடக்கிறது. அதன் வழி எளியது. உன் ஊரின் ஒரு பிரச்சினையை ஆராய். தீர்வைத் தேடு. செய்தியாக்கு. ஊரறியச் சொல்.

அதைப் பார்த்து நாமும் சுவர்ப் பத்திரிகை ஒன்று தொடங்கினோம். முதல் இதழிலேயே பிள்ளைகள் சந்தைப் பக்கத்து வாய்க்காலை எழுதினார்கள். எந்த இடத்தில் எந்தக் கழிவு கொட்டப்படுகிறது என்று படம் வரைந்து ஒட்டினார்கள். இரண்டாம் நாள் ஊரில் மதிப்புள்ள ஒருவர் வந்தார். "சேர், ஊர் மானம் போகுது, கழற்றி விடுங்க" என்றார். கழற்றினோம். மறைக்க விரும்பவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறோம். எழுதிய மாணவி ஒருத்தி, "சேர், நாங்க எழுதினது பொய்யா?" என்று கேட்டாள். பொய் இல்லை என்றோம். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஊரின் கொப்பி வெறுமையாகக் கிடப்பது எப்படி என்று அன்றுதான் நமக்கு விளங்கியது. எழுத ஆளில்லாமல் மட்டுமல்ல, எழுதியதைக் கழற்ற ஆளிருப்பதாலும்தான்.

ஒரு கிழமை கழித்து அந்தத் தாளை மீண்டும் ஒட்டினோம். ஆனால் இம்முறை ஒழுங்குகளோடு. தனிமனிதர் பெயரோ கடையின் பெயரோ வராது. திகதியும் இடமும் கட்டாயம். சொன்னவர் கண்ணால் கண்டாரா, கேள்விப்பட்டாரா என்று பிரித்து எழுதவேண்டும். குறை சொல்லப்பட்டவர்களின் பதிலையும் கேட்டுப் போடவேண்டும். இது எதுவும் நமக்கு அந்நியமான பாடமல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், வரும் செய்தியைத் தீர விசாரிக்கவும் கட்டளையிட்ட மார்க்கம் நமது. ஒரு ஹதீஸை ஏற்க முன் யார் யாரிடம் கேட்டார் என்று வரிசை பார்த்த இமாம்களின் வழிவந்தவர்கள் நாம். வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்புவது அந்த வழி அல்ல.

நாட்டின் சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பெற்றோர் ஒருவர் அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். பிள்ளையின் கேள்வியை வாப்பாவோ உம்மாவோ கையொப்பமிட்டுக் கேட்கலாம்.

ஊரவர்களிடம் மூன்று வேண்டுகோள். கடற்கரை, தோப்பு, வாடி தெரியும் பழைய புகைப்படம் இருந்தால் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். கிணறு, மதில், மரம் என்று கடலுக்குப் போன அடையாளங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். சுனாமிக்கு முன்னா பின்னா, துறைமுகத்துக்கு முன்னா பின்னா என்று காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது, சுவரில் ஒட்டிய தாளில் பிழை கண்டால் கழற்றச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உங்கள் பதிலை எழுதி ஒட்டுங்கள். இடம் விட்டிருக்கிறோம்.

இந்த மாதம் பெரியவர்கள் கூட வர, பிள்ளைகள் பள்ளிவாசல் மதிலிலிருந்து கரை வரை அளந்து கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினார்கள். திகதி, நேரம், கயிறு பிடித்தவர்கள் எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த வருஷம் இதே மாதம் இரண்டாம் பக்கம், இன்ஷா அல்லாஹ். பிற்காலத்தில் ஒரு பிள்ளை வந்து கடல் எங்கே இருந்தது என்று கேட்டால், கையை நீட்டிக் காட்டுவதோடு நிற்காமல் அந்தக் கொப்பியையும் எடுத்துக் கொடுப்போம்.