வறண்ட ஆறும் வழிமறித்த வெள்ளமும்



திருவொற்றியூரில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர்களுடன் எண்ணூர்க் கழிமுகத்திற்குச் சென்று, அங்கிருந்து கொசத்தலையாற்றின் மேற்பகுதியையும் காண்பது வழக்கம். ஒரு கோடையில் ஆற்றில் நீரே இல்லை. மணலும், மழை அரித்த பள்ளங்களுமே கிடந்தன. "ஐயா, இந்த ஆறா ஒரு படையைத் தடுத்தது?" என்று ஒரு மாணவன் நகைத்தான். அன்று அவனுக்குக் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூறுகிறேன்.

1780 சூலையில் மைசூர் மன்னர் ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகத்துள் புகுந்து, ஆர்க்காட்டை முற்றுகையிட்டார். அவரை எதிர்க்கச் சென்னைக் கும்பினியார் இரு படைகளை ஒன்றுசேர்க்க எண்ணினர். ஒன்று, சர் எக்டர் மன்றோவின் தலைமையில் காஞ்சிபுரம் சென்றது. மற்றொன்று, குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி நடத்திவந்த படை.

ஆகஸ்டு 25ஆம் நாள் பெய்லி கொசத்தலையாற்றின் வடகரையை அடைந்தார். ஆறு அப்போது எளிதில் கடக்கத்தக்கதாகவே இருந்தது. ஆயினும் அவர் அக்கரை செல்லாமல் இக்கரையிலேயே பாளையம் இறங்கினார். அன்றிரவே வெள்ளம் பெருகிவிட்டது. நகரி மலைப்பக்கத்து நீரும் வந்து சேரும் ஆறு இது; எங்கோ பெய்யும் ஆவணி இடிமழை, இங்கே மணலை வெள்ளமாக்கிவிடும். பீரங்கிகளும் வண்டிமாடுகளும் கொண்ட படை அதை எவ்வாறு கடக்கும்? ஒரு வாரத்திற்கு மேல் பெய்லி கரையிலேயே காத்திருந்தார்.

அந்த நாட்களை ஐதர் வீணாக்கவில்லை. ஆர்க்காட்டு முற்றுகையை விட்டு மன்றோவின்மீது கண்வைத்தார். பெய்லியை மறிக்கத் தம் மைந்தர் திப்புவை அனுப்பினார். செப்டம்பர் 6இல் பெரம்பாக்கத்தருகே திப்பு தாக்கினார். 10ஆம் நாள், காஞ்சிக்கு வடக்கே பொள்ளிலூரில் பெய்லியின் படை சூழப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, பெய்லி சரணடைந்தார். 1782இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே அவர் இறந்தார். அப்போரின் காட்சியை அந்நகரின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் காணலாம்.

வெள்ளம் ஒன்றே தோல்விக்குக் காரணம் என்று கூறுதல் முறையன்று. மன்றோ தம் முழுப்படையுடன் துணைக்குச் செல்லாததும், ஐதரின் குதிரைப்படையும் ஒற்றர் திறனும் காரணங்களே. ஆயினும், அன்று மாலையே ஆற்றைக் கடந்திருந்தால் இரு படைகளும் ஒன்றுசேர வாய்ப்பு இருந்தது. உயிரிழந்தோருள் பெரும்பாலோர் பெயர் தெரியாத நம் நாட்டுச் சிப்பாய்கள் என்பதையும் மறவாதீர்கள்.

1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபின் ஆறு அடங்கிவிட்டது எனப் பலர் எண்ணினர். 2021 நவம்பரில் அதே கொசத்தலையாறு மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது. வறண்ட ஆறு இறந்த ஆறு அன்று. தன் வழியை அது மறப்பதில்லை. நாமும் மறவாதிருப்போமாக.