கோட்டையும் கிருபையும்

1620-களில் கோணேசர் ஆலயத்தை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் எழுப்பிய திருகோணமலைக் கோட்டை கைமாறியதோடு, பெற்ற இரட்சிப்பை விசுவாசி இழப்பானோ என்ற வினாவுக்கு அங்கே வழங்கிய விடையும் மாறிற்று. சாவான பாவத்தால் இஷ்டப்பிரசாதம் என்னும் கிருபை போய்விடும், பாவசங்கீர்த்தனத்தால் மீளும் என்று 1547-இல் திரெந்து சங்கம் விதித்ததே போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கக் குருமாரின் போதனை. தெரிந்துகொள்ளப்பட்டவன் இடறினும் இறுதிவரை காக்கப்படுவான் என்ற 1619-ஆம் ஆண்டின் டோர்ட் சங்கத் தீர்ப்போ அவர்களுக்குப்பின் கோட்டையை ஆண்ட ஒல்லாந்தருடையது. உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றோர் மலிந்த அவ்வாட்சியில் அத்தீர்ப்பு எத்தனை பேர் நெஞ்சைத் தொட்டிருக்கும் என்பது என் ஐயம். 1795-இல் ஆங்கிலேயர் துறைமுகத்தைக் கைப்பற்றியபின், 1814-இல் இலங்கையில் கால்வைத்த மெதடிஸ்தர், மெய்விசுவாசியும் கிருபையிலிருந்து விழக்கூடும் என்ற தங்கள் நிறுவனர் வெஸ்லியின் உபதேசத்தைக் கொணர்ந்தனர். அவர்களுடைய பழைய சபையொழுங்கில், மூன்று மாதத்துக்கொருமுறை, பெயரெழுதிய சிறு அச்சுச்சீட்டொன்று அங்கத்தினனுக்கு வழங்கப்படும்; ஒழுக்கம் தவறியவனுக்கு அது மறுக்கப்படும்; மனந்திரும்பினால் மறுபடியும் கிடைக்கும்.