அனுமதிப் பட்டியலும் அறிவிப்பும்: கடலோரச் செயலிகளின் தொகுப்பு விவரங்களை வாசித்தல்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் அலையின் உயரமும் காற்றின் வேகமும் மீன்வளப் பகுதிக் குறிப்பும் மீனவரை வந்தடையும் வழிகளுள் கைபேசிச் செயலியும் ஒன்று. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காமுடன் இணைந்து உருவாக்கிய ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி, ஐதராபாத்தின் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தரும் கணிப்புகளைக் கொண்டு இயங்குவதோடு பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்கிறது. எல்லை எச்சரிக்கைக்குப் படகின் துல்லியமான இருப்பிடம் தேவை என்பதால் அத்தகைய செயலி இருப்பிடத்தைக் கேட்பது குறையாகாது. அதற்கு மேல் ஒரு செயலி எதைக் கேட்கிறது, அதைப் பயனர் எவ்வாறு அறிவது என்பதே கேள்வி. நிரல் முழுவதையும் பிரித்துப் படிக்காமலே, செயலித் தொகுப்பின் மீத்தரவு, அதாவது செயலி தன்னைப் பற்றி இயங்குதளத்துக்கு அளிக்கும் விவரம், இக்கேள்விக்குப் பெருமளவு விடையளிக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பு உண்மையில் ஒரு ஜிப் தொகுப்பே. அதனுள் இயங்கு நிரல் ‘டெக்ஸ்’ கோப்புகளாகவும், படங்கள் வளக் கோப்புகளாகவும், சொற்கள் வள அட்டவணையாகவும், பெயர், பதிப்பு எண், அனுமதிகள், பின்னணிச் சேவைகள் ஆகியவை மேனிஃபெஸ்ட் என்னும் அறிவிப்புக் கோப்பாகவும் அமைகின்றன. தொகுப்பில் உள்ள கையொப்பச் சான்றிதழின் சுருக்கக் குறியை அசல் செயலியின் குறியோடு ஒப்பிட்டால், வாட்ஸ்அப் வழியே வந்த நகல் போலியா என்பது தெரிந்துவிடும். சான்றிதழில் எழுதியுள்ள பெயரையோ நம்ப இயலாது, ஏனெனில் அதை வெளியிடுவோரே தமக்குத் தாமே வழங்கிக்கொள்கின்றனர்.

மேனிஃபெஸ்ட் வெற்று உரையாக அன்றி இரும வடிவில் சேமிக்கப்படுவதால், ‘ஆப்ட்’, ‘ஏபிகேடூல்’ போன்ற கருவிகளே அதை மீண்டும் வாசிக்கத்தக்க வடிவுக்குக் கொண்டுவருகின்றன. இங்கே ஒரு நுட்பம் கவனத்துக்குரியது: இயங்குதளம் மேனிஃபெஸ்டில் உள்ள பண்புகளைப் பெயரால் அன்றி அவற்றின் வள எண்ணால் அடையாளம் காண்பதால், தீய நோக்குடையோர் பெயர்களை மட்டும் சிதைத்துவிட்டு எண்களை அப்படியே விடுகின்றனர்; அப்போது செயலி பழுதின்றி இயங்க, பெயரை நம்பிய ஆய்வுக் கருவி ஏமாறுகிறது. எனவே எண்ணையும் பெயரையும் ஒத்துப்பார்க்காத ஆய்வை முடிந்த ஆய்வாகக் கொள்ள இயலாது.

அனுமதிப் பட்டியலின் சான்று வலிமை இரு திசையிலும் ஒன்றல்ல. தொடர்புப் பட்டியலைப் படிக்கும் அனுமதி அறிவிக்கப்பட்டிருந்தால் செயலி அதைப் படிக்கிறது என்று ஆகாது. சேர்த்துக்கொண்ட பிறரது நிரல்நூலகமே, உருவாக்கியவர் அறியாமல், அந்த வரியைக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அந்த அனுமதி அறிவிக்கப்படவே இல்லையெனில் இயங்குதளம் அப்பட்டியலைத் தராது. இருப்பிடத்தை இணைய முகவரியைக் கொண்டு தோராயமாக ஊகிப்பது போன்ற சுற்றுவழிகள் விதிவிலக்கு. ஆக, இல்லாமையே உறுதியான சான்று. இருப்பு விளக்கம் கேட்பதற்கான காரணம்.

2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விளக்கத்தைக் கேட்கும் அடிப்படையைத் தருகிறது. தொலைமருத்துவச் செயலியொன்று தொடர்புப் பட்டியலையும் கேட்டுப் பயனர் இசைந்தாலும், சேவைக்கு அது தேவையற்றதால் அப்பட்டியலுக்கான இசைவு செல்லாது என்பதைச் சட்டமே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. ஒப்புதல் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறவும் அது வழிசெய்கிறது. செயலியை ஆராய்வதற்கும் சட்டம் இடம் தருகிறது: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிய அதன் செயற்பாட்டை உற்றுநோக்கிச் சோதிப்பதை உரிமை மீறலாகக் கருதவில்லை. 2020 ஏப்ரலில் வெளிவந்த, கொரோனாத் தொற்றின் தொடர்பறியும் அரசுச் செயலியான ஆரோக்கிய சேது தொடக்கத்தில் பின்னோக்குப் பொறியியலை, அதாவது முடிந்த செயலியிலிருந்து அதன் அமைப்பைக் கண்டறிவதை, பயன்பாட்டு விதிகளால் தடுத்தது. பொதுவெளியில் எழுந்த விவாதத்துக்குப் பின் மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு மூலநிரல் வெளியிடப்பட்டது. பொது நலனுக்கான செயலி பொது வாசிப்பைத் தாங்க வேண்டும் என்பதற்கு அதுவே போதிய முன்னுதாரணம்.

காட்டாங்குளத்தூரிலும் சிறுசேரியிலும் கணினி கற்போரும் கணினித் தொழிலில் இருப்போரும் நிறைந்த இம்மாவட்டத்தில் இவ்வாசிப்புக்கு ஆள் பஞ்சமில்லை. மீனவருக்கான ஒவ்வொரு செயலியின் அனுமதிப் பட்டியலையும் அதன் தமிழ் ஒப்புதல் அறிவிப்போடு வரிக்குவரி ஒப்பிட்டு, முடிவை எளிய தமிழில் எழுதி, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் கணினி அறிந்த இவர்கள் சேர்க்க வேண்டும்.