ஆயுதப்படை மருத்துவ அதிகாரிகளின் படை மாற்றம்

ஒரு படையில் பணியாற்றும் மருத்துவ அதிகாரி, பணித்தொடர்ச்சி அறுபடாமல் இன்னொரு படையின் சீருடைக்கு மாறுவது படை மாற்றம் எனப்படும். காலாட்படை அதிகாரி ஒருவர் கடற்படை அதிகாரியாவது இந்தியாவில் வழக்கமில்லை. மருத்துவர்களுக்கு அது இயல்பாக நடக்கிறது. மூன்று படைகளுக்கும் மருத்துவர்களை அனுப்புவது ஆயுதப்படை மருத்துவ சேவை என்ற ஒரே தொகுப்பு என்பதே காரணம்.

ஆங்கிலேயர் காலத்தில் தனித்தனியே இயங்கிய மருத்துவப் பிரிவுகள் 1943 ஏப்ரல் 3 அன்று ஒன்றாகி, இன்றைய ராணுவ மருத்துவக் கோருக்கு அடித்தளமாயின. விடுதலைக்குப் பின் டாக்டர் பி.சி. ராய் தலைமையிலான குழு, முப்படைகளின் மருத்துவ சேவைகளை ஒருங்கிணைக்கப் பரிந்துரைத்தது. 1948இல் பொதுவான தலைமை இயக்குநர் பதவி உருவானது. அதே ஆண்டில்தான் புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது.

அதிகாரி கமிஷன் பெறுவது ராணுவ மருத்துவக் கோரில். கடற்படைக்கோ விமானப்படைக்கோ ஒதுக்கப்படுபவர் அந்தப் படையின் உடையையும் பதவிப் பெயரையும் ஏற்கிறார். தரைப்படையில் மேஜராக இருப்பவருக்கு நிகர் கடற்படையில் சர்ஜன் லெப்டினன்ட் கமாண்டர், விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடர். மனநல மருத்துவரானாலும் கடற்படையில் அவர் பெயருக்கு முன் ‘சர்ஜன்’ உண்டு.

மாற்றம் அதிகாரியின் விருப்பத்தால் மட்டும் அமைவதில்லை. படைகளின் தேவையே முதலில் பார்க்கப்படுகிறது. அது சரியான முறையும்கூட. நீர்மூழ்கி வீரரின் உடல்நலமும் போர் விமானியின் உடல்நலமும் தனித்தனிக் கல்வி. மும்பையில் கடற்படை மருத்துவ நிறுவனமும், பெங்களூரில் வான்-விண்வெளி மருத்துவ நிறுவனமும் இதற்கென்றே இருக்கின்றன. அப்படிப் பயின்றவரை எளிதில் படை மாற்றினால் இழப்பு படைக்குத்தான்.

வெளியே அதிகம் தெரியவருவது உயர்பதவி மாற்றங்களே. 2004இல் லெப்டினன்ட் ஜெனரலான புனிதா அரோரா, இந்தியப் படைகளில் அந்தப் பதவியை எட்டிய முதல் பெண். மறு ஆண்டே கடற்படைக்கு மாறி வைஸ் அட்மிரல் ஆனார். விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்த சாதனா சக்சேனா நாயர், 2024 ஆகஸ்ட் 1 அன்று லெப்டினன்ட் ஜெனரலாகத் தரைப்படை மருத்துவ சேவையின் தலைமை இயக்குநர் பொறுப்பை ஏற்றார். அந்தப் பொறுப்பில் அவரே முதல் பெண். அதே ஆண்டு அக்டோபரில் முப்படை மருத்துவ சேவைக்கும் முதல் பெண் தலைமை இயக்குநரான ஆர்த்தி சரின், மூன்று படைகளின் சீருடையையும் அணிந்தவர். இந்தப் பொதுத் தொகுப்பு சாதித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றுக்குத் தனித்தனி மருத்துவ அதிகாரிப் பிரிவுகள். அங்கே மாற விரும்பும் மருத்துவரை அவர் இருக்கும் படை விடுவிக்க வேண்டும். சேரும் படை ஏற்க வேண்டும். இந்திய முறை இதைவிட எளியது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் மருத்துவக் கனவோடு நீட் எழுதும் பிள்ளைகளிடம், ஆயுதப்படை மருத்துவராகும் இந்த வழி போதிய அளவு பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே வெலிங்டனில் ராணுவ மருத்துவமனை, சூலூரிலும் தஞ்சாவூரிலும் விமானப்படைத் தளங்கள், நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் என மூன்று படைகளும் இருக்கின்றன. புனே கல்லூரிக்கு நீட் மதிப்பெண்ணோடு தனித் தேர்வும் நேர்காணலும் உடற்தகுதிச் சோதனையும் உண்டு. படிப்பு முடிந்ததும் படையில் பணியாற்றுவதாகப் பாண்டு எழுதித் தர வேண்டும். வேறு கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் குறுகியகால கமிஷன் வழியாகச் சேரலாம். பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் நீட் விண்ணப்பம் நிரப்பும் காலத்திலேயே இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.